விடுபட மறுத்த விசை: மட்டக்களப்புப் பாடசாலை ஒன்றின் ஓட்டத் தொடக்கத் துப்பாக்கி பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

மட்டக்களப்பு வாவிக் கரையை ஒட்டிய ஒரு கலவன் பாடசாலையில் உடற்கல்வி கற்பிக்கிறேன். இல்ல விளையாட்டுப் போட்டியில் ஓட்டங்களைத் தொடக்கிவைப்பதும் என் பொறுப்பு. இதற்கென்று பழைய மாணவர்கள் அன்பளிப்புச் செய்த தொடக்கத் துப்பாக்கி ஒன்று பாடசாலையில் உண்டு. சுழல் துப்பாக்கி வகை. உருளையில் ஆறு அறைகள். குழல் உள்ளே உருக்கினால் அடைக்கப்பட்டிருப்பதால் குண்டு எதுவும் அதன் வழியே போகாது. குண்டில்லாமல் வெடிமருந்து மட்டும் உள்ள வெற்றுத் தோட்டா வெடித்ததும் வாயுவும் புகையும் மேற்புறத் துளையால் வெளியேறும். உடற்பகுதி துத்தநாகக் கலப்புலோக வார்ப்பு. உள்ளிருக்கும் ஸ்பிரிங்குகளும் அச்சாணிகளும் உருக்கு. இந்த இரு உலோகங்களின் வேறுபாடு பின்னால் முக்கியமாகிறது.

விசில் ஊதி ஓட்டத்தைத் தொடக்கினால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒலி ஒரு செக்கனில் ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். நூறு மீற்றர் ஓட்டத்தில் முடிவுக் கோட்டில் நிற்கும் நேரக்கணிப்பாளர் சத்தம் கேட்டுக் கடிகாரத்தை அழுத்தினால் ஏறத்தாழ 0.3 செக்கன் பிந்திவிடுவார். கையால் எடுக்கும் நேரமே பத்தில் ஒரு செக்கன் வரை குறிக்கப்படும்போது 0.3 என்பது ஒரு பிள்ளையின் இடத்தையே மாற்றக்கூடிய பிழை. அதனால்தான் நேரக்கணிப்பாளர்கள் புகையைப் பார்த்து அழுத்துகிறார்கள். விசிலுக்குப் புகை கிடையாது.

துப்பாக்கி கடைசியாகப் பயன்பட்டது 2019 ஆம் ஆண்டின் தொடக்கத்தில். அவ்வாண்டு ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. இறந்தவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். அதன்பின் இந்த ஊரில், அதுவும் ஒரு பாடசாலை மைதானத்தில், வெடிச்சத்தம் எழுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. 2022 இல் எரிபொருள் இல்லை, போட்டியும் இல்லை. இடையில் அப்போதைய விளையாட்டுப் பொறுப்பாசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்றுவிட்டார். துப்பாக்கி அதன் பிளாஸ்ரிக் பெட்டிக்குள், விளையாட்டு அறை அலுமாரியின் அடித்தட்டில் கிடந்தது. அறையின் சன்னல் வாவியைப் பார்த்தது. நான்கு மாரிகளின் வாடைக்காற்று உப்பீரத்தோடு அந்த அறைக்குள் வந்து போயிருக்கிறது.

இருப்புப் பதிவேட்டை பின்னர் எடுத்துப் பார்த்தேன். ஒவ்வோர் ஆண்டுக் கணக்கெடுப்பிலும் "தொடக்கத் துப்பாக்கி – 1 – நல்ல நிலை" என்றே எழுதப்பட்டிருந்தது. பெட்டி இருப்பதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். பெட்டியைத் திறந்து பார்த்து எழுதவில்லை.

முதலில் கண்டவை

2023 இல் இல்ல விளையாட்டுப் போட்டியை மீண்டும் முழுமையாக நடத்தத் தீர்மானித்தபோது, விளையாட்டு அறையைப் பராமரிக்கும் இளைஞர் பொருள்களை வெளியே எடுத்துத் துடைத்து அடுக்கினார். துப்பாக்கியை எடுத்து விசையை இழுத்துப் பார்த்திருக்கிறார். விசை கனமாகப் பின்னே போய், அங்கேயே நின்றுவிட்டது. விரலால் தள்ளியபின்தான் முன்னே வந்தது. துருவை நெகிழ்த்தும் ஸ்பிரேயை விசையின் இடுக்கில் தாராளமாக அடித்தார். விசை இலகுவாக ஓடத் தொடங்கியது. சரியாகிவிட்டது என்று மகிழ்ச்சியோடு எனக்குச் சொன்னார்.

இரண்டு நாளுக்குப் பின் போட்டி ஒத்திகைக்காக அதைக் கேட்டேன். அவர் என் முன்னால் இழுத்துக் காட்ட முனைந்தபோது விசை பாதி வழியிலேயே இறுகிவிட்டது. ஸ்பிரே அடிப்பதற்கு முன் இருந்ததைவிட மோசம்.

வாங்கி மேசைமேல் வைத்துப் பின்புறத்தால் அறைகளைப் பார்த்தேன். ஐந்து அறைகள் வெறுமையாக இருந்தன. ஆறாவதில் பித்தளை விளிம்பு ஒன்று பச்சையேறித் தெரிந்தது. நடுவில் சிறு பள்ளமோ விளிம்பில் அடித்தடமோ இல்லை. வெடிக்காத தோட்டா.

அது அங்கே வந்த காரணம் ஊகிக்கக் கடினமானதன்று. ஓட்டத்தில் யாராவது முந்திப் புறப்பட்டால் ஓட்டக்காரர்களைத் திருப்பி அழைக்க இரண்டாவது வெடி வேண்டும். அதற்காகத் தொடக்குநர் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட தோட்டாக்களை நிரப்பி வைப்பார். 2019 இன் கடைசி ஓட்டத்தில் யாரும் முந்தவில்லை. மீந்த தோட்டா அப்படியே இருந்துவிட்டது. அதன் பொருள், இளைஞர் விசையை இழுத்துப் பார்த்த ஒவ்வொரு முறையும் உருளை ஓர் அறை சுழன்று அந்தத் தோட்டாவை நோக்கி நகர்ந்திருக்கிறது என்பதுதான். வெற்றுத் தோட்டாதானே என்று நினைப்பவர்களுக்கு: கைக்கு நெருக்கமாக வெடித்தால் அதன் வாயு தோலைக் கிழிக்கும், கண்ணைப் பறிக்கும். காதருகே அதன் உச்ச ஒலி 140 டெசிபலைத் தாண்டும். அந்த இளைஞரின் முகம் வெளிறியது. அவரைக் கடிந்துகொள்வதில் பயன் ஒன்றும் இருக்கவில்லை. அவருக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

முதல் தீர்மானம்: தொடாமல் விடுவது

அங்கேயே நிறுத்தினோம். அதிபரிடம் சொல்லி, துப்பாக்கி அவரது அறை இரும்புப் பெட்டிக்குள் போனது. திறப்பு அவரிடம். சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் நாளும் நேரமும் எழுதி மூவரும் கையொப்பமிட்டோம். பொலிஸ் நிலையத்துக்கு அதிபர் கடிதம் மூலம் அறிவித்தார். குழல் அடைபட்டிருந்தாலும் பார்ப்பவர் கண்ணுக்கு அது கைத்துப்பாக்கிதான். இந்த மாவட்டத்தில் அப்படியொரு பொருளைப் பையில் போட்டுக்கொண்டு பழுதுபார்க்க பஸ்ஸில் போவது சரியன்று.

மீண்டும் ஸ்பிரே அடித்துப் பார்க்கலாம் என்று சிலர் சொன்னார்கள். நான் மறுத்ததற்குக் காரணம் இதன் உள்ளமைப்பில் இருக்கிறது. விசையை இழுக்கும்போது ஒரு சிறு நெம்பு மேலெழுந்து உருளையை ஓர் அறை சுழற்றுகிறது. தடுப்பொன்று உருளையைப் பூட்டுகிறது. பின்புறச் சுத்தியல் எழுந்து விழுகிறது. விரலை விட்டதும் ஒரு ஸ்பிரிங் விசையை முன்னே தள்ளுகிறது. இந்த வகையில் விசை முழுமையாக முன்னே திரும்பினால்தான் சுத்தியலும் சற்றுப் பின்வாங்கித் தோட்டாவின் விளிம்பை விட்டு விலகி நிற்கும். விசை பின்னே ஒட்டிக்கொண்டால் சுத்தியலின் முனை விளிம்பிலேயே சாய்ந்திருக்கும். கை தவறிக் கீழே விழுந்தாலே போதும். ஆகவே ஒட்டும் விசை இழுப்பவருக்கு எரிச்சலூட்டும் சிறு குறையாகத் தோன்றினாலும், அது உண்மையில் துப்பாக்கியின் பாதுகாப்பு ஏற்பாடு செயலிழந்ததற்கான அறிகுறி.

ஓட்டத்தின் பக்கமும் உண்டு. "ஆயத்தம்" என்ற கட்டளைக்குப்பின் பிள்ளைகள் இடுப்பை உயர்த்தி அசையாமல் நிற்கும் அந்தச் சிறு இடைவெளியில் விசை இறுகினால் தொடக்குநரின் தோள் அசையும். ஓரக்கண்ணால் பார்க்கும் பிள்ளை அதைக் கண்டு புறப்படும். பிழை தொடக்குநருடையது, தண்டனை பிள்ளைக்கு.

யாரிடம் காட்டுவது

ஊரில் நல்ல கடைசல் பட்டறைகள் உண்டு. தையல் இயந்திரம் திருத்துபவர்களில் ஸ்பிரிங் வேலையில் கைதேர்ந்தவர்களும் உண்டு. ஆனால் வெடிக்கும் பொருள் உள்ளே இருக்கும்போது அவர்களிடம் கொடுப்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். பொலிஸ் நிலையத்தில் விசாரித்தபோது, ஆயுதக் களஞ்சியத்தில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் கல்லடிப் பாலத்துக்கு அப்பால் இருப்பதாகச் சொன்னார்கள். அதிபரே தொலைபேசியில் பேசினார். பெரியவர் மறுநாள் காலை, ஒரு சிறு தகரப் பெட்டியை கரியரில் கட்டிக்கொண்டு சைக்கிளில் வந்தார். ஒரு பொலிஸ் உத்தியோகத்தரும் உடனிருந்தார்.

பெரியவர் துப்பாக்கியைக் கையில் எடுக்குமுன் கேட்டது ஒரே கேள்வி: "மகன், இது கிடந்த பெட்டி எங்கே?"

பெட்டி வேண்டியிருக்குமென்று நாங்கள் நினைக்கவில்லை. இளைஞர் ஓடிப்போய் எடுத்துவந்தார். பெரியவர் மூடியைத் திறந்து, துப்பாக்கியின் வடிவத்துக்கு வெட்டப்பட்டிருந்த சாம்பல் நிற ஸ்பொஞ்சில் கட்டைவிரலை அழுத்தினார். விரலை எடுத்தபோது ஸ்பொஞ்ச் பழைய உருவுக்குத் திரும்பவில்லை. விரல் பதிந்த இடம் குழியாகவே நின்றது. விரலில் பழுப்புத் தூள் அப்பியிருந்தது. அதை இன்னொரு விரலோடு சேர்த்துத் தேய்த்து எங்களுக்குக் காட்டினார். தூள் பசையாக மாறியது. "பாதி விடை இங்கே இருக்கிறது" என்றார்.

உருளையைக் கழற்றல்

ஜன்னலோர மேசையில் வெள்ளைத் துணி விரித்தார். குழலைச் சுவர்ப்பக்கம் திருப்பி, விசைக்கருகே விரல் போகாமல் உருளையின் அச்சாணியை முன்புறமாக உருவினார். அது எளிதில் வந்துவிட்டது. உருளை தனியாகக் கையில் வந்ததும் எல்லோரும் மூச்சு விட்டோம். சுத்தியலும் தோட்டாவும் பிரிந்துவிட்டால் அடிபட வழியில்லை. பச்சையேறிய விளிம்பைச் சுற்றி ஒரு துளி மெல்லிய எண்ணெய் விட்டு அரை மணி நேரம் காத்திருந்தார். குச்சியால் குத்தவில்லை, தட்டவில்லை. பின்னர் விளிம்பின்கீழ் நகத்தைக் கொடுத்து நெம்பியபோது தோட்டா வழுக்கி வந்தது. அதை உத்தியோகத்தர் பெற்றுக்கொண்டு பதிவெழுதிக் கொண்டுபோனார். பழைய தோட்டாவை நெருப்பில் போடுவதும் குப்பையில் எறிவதும் வாவியில் வீசுவதும் கூடாது. இந்த மூன்றையும் செய்யத் துணிந்தவர்களை நான் அறிவேன் என்பதால் எழுதுகிறேன்.

உருளையைக் கழற்றியதில் இன்னொரு பயனும் இருந்தது. விசை ஒட்டுவதற்குக் காரணம் உருளையிலா, பின்னாலுள்ள பொறியிலா என்பதைப் பிரித்தறிய முடிந்தது. அச்சாணியில் உருளையை மட்டும் கோத்துச் சுழற்றினார், தடையின்றிச் சுழன்றது. உருளை இல்லாத துப்பாக்கியின் விசையை மெதுவாக இழுத்தார், முன்போலவே ஒட்டியது. ஆகவே கோளாறு பொறிக்குள். உருளையின் பின்புறத்தில் படிந்த கரி, அச்சாணித் துரு என்று நான் மனத்தில் வைத்திருந்த காரணங்கள் இரண்டும் அத்தோடு அடிபட்டுப்போயின.

அடுத்துப் பக்கத் தகட்டின் திருகாணிகளைச் சிறிதளவு தளர்த்திவிட்டு மறுபடி இழுத்துப் பார்த்தார். அதிகமாக முறுக்கிய தகடு உள்ளுறுப்புகளை நெரிப்பதும் உண்டாம். மாற்றம் இல்லை. இனித் திறக்கத்தான் வேண்டும்.

உள்ளே இருந்தது

திருகாணியின் பிளவுக்குச் சரியாகப் பொருந்தும் முனை கிடைக்கும்வரை தன் ஸ்குரூ டிரைவர்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். துத்தநாக வார்ப்பு மென்மையானது. சிறிய முனையால் திருகினால் பிளவு பிய்ந்துவிடும். திருகாணிகளை எடுத்தபின் தகட்டை நெம்பித் தூக்கவில்லை. ஸ்குரூ டிரைவரின் மரக்கைப்பிடியால் பிடியின் விலாவில் மெல்லத் தட்டினார். அதிர்வில் தகடு தானாகவே எழுந்தது. அப்படியே நிறுத்தி, "படம் எடுங்கள், எது எங்கே இருக்கிறது என்று பிறகு சண்டை வேண்டாம்" என்றார். கைத்தொலைபேசியில் பல கோணங்களில் எடுத்துக்கொண்டேன்.

விசையின் அச்சாணியைச் சுற்றிலும், மீட்சி ஸ்பிரிங் ஓடும் வாய்க்காலிலும் கருஞ்சிவப்பான ஒரு பசை வெல்லப் பாகு போலத் திரண்டிருந்தது. அதற்குள் ஊசிமுனையளவு துணுக்குகள். பெரியவர் ஓர் ஈர்க்கின் நுனியால் சிறிது எடுத்து வெள்ளைத் துணியில் தடவி, பெட்டியின் ஸ்பொஞ்ச்த் தூளை அதன் அருகில் தடவினார். இரண்டும் ஒரே நிறம், ஒரே பிசுபிசுப்பு.

நடந்தது புரிந்தது. இத்தகைய பெட்டிகளில் வைக்கும் பொலியுரேத்தேன் ஸ்பொஞ்ச் வெப்பத்திலும் ஈரத்திலும் ஆண்டுக்கணக்கில் இருந்தால் வெளியிலிருந்து யாரும் ஒன்றும் செய்யாமலே சிதைந்து பசைத்தூளாகும். அந்தத் தூள் விசையின் இடுக்கில் அப்பியிருந்தது. 2019 இல் விட்ட எண்ணெயும் உள்ளே காய்ந்து மெழுகுபோலப் படிந்திருந்தது. முதல்முறை விசை ஒட்டியது இதனால். பின்னர் ஸ்பிரே அடித்தபோது அதிலிருந்த கரைப்பான், வெளியே கிடந்த தூளையும் கரைத்துப் பொறியின் ஆழத்துக்குக் கொண்டுபோனது. ஈரமாக இருந்த இரண்டு நாளும் விசை ஓடியது. கரைப்பான் ஆவியானதும் எல்லாமாகச் சேர்ந்து இறுகிவிட்டது. முன்பு இடுக்கில் இருந்தது இப்போது அச்சாணியில். ஸ்பிரே வேலை செய்ததாகத் தோன்றிய அந்த இடைவெளிதான் இந்த நிகழ்வில் மிகவும் ஆபத்தான கட்டம் என்பது என் முடிவு. ஒத்திகை ஒரு நாள் முந்தி நடந்திருந்தால், நன்றாக ஓடும் விசையையும் தோட்டா கிடந்த உருளையையும் கொண்டு மைதானத்துக்குப் போயிருப்போம்.

உலோகங்களும் தம் கதையைச் சொன்னன. ஸ்பொஞ்ச் தொட்டுக்கொண்டிருந்த வார்ப்பின் பகுதிகளில் வெள்ளைப் பூ பூத்திருந்தது. அது துத்தநாகத்தின் அரிப்பு. மீட்சி ஸ்பிரிங்கில் செந்துரு. வெள்ளைப் பூவைத் துணியால் துடைத்தபோது அடியில் மேற்பரப்பு மங்கியிருந்தது. வேறு சேதம் இல்லை. ஸ்பிரிங்கை வெளியே எடுத்துத் துடைத்துச் சூரிய ஒளியில் பிடித்தபோது ஒரு வளையத்தில் துரு தின்ற சிறு குழிகள் தெரிந்தன.

சுத்தம் செய்தல்

இதில் வியப்பொன்றும் இல்லை, பொறுமைதான் வேண்டும். மண்ணெண்ணெயில் நனைத்த பழைய பல்துலக்கி, ஈர்க்கு, பருத்தித் துணி. பசை முழுவதும் போனபின் உலரவிட்டு, அச்சாணிகளில் மட்டும் ஊசிமுனையால் தையல் இயந்திர எண்ணெய் ஒவ்வொரு துளி. அரத்தாளால் தேய்த்து மினுக்கலாமா என்று இளைஞர் கேட்டார். பெரியவர் கையால் மறித்தார். விசைக்கும் சுத்தியலுக்கும் இடையே ஒன்றையொன்று பற்றும் விளிம்புகள் தேய்ந்தால் சுத்தியல் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. பிறகு அந்தத் துப்பாக்கியை யாராலும் நம்ப முடியாது.

பூட்டியபின் வெறும் அறைகளில் விசையை இழுத்துப் பார்க்கவும் அவர் விடவில்லை. இது விளிம்பில் அடிபட்டு வெடிக்கும் 0.22 அங்குல வகை. அறை வெறுமையாக இருந்தால் சுத்தியலின் முனை உருளையின் உலோகத்திலேயே மோதி இரண்டும் கெடும். வெடித்து முடிந்த பழைய உறைகளை அறைகளில் இட்டார். புதியவற்றோடு குழம்பாதிருக்க அவற்றின் விளிம்பில் சிவப்பு நகப்பூச்சுத் தடவப்பட்டது. அதற்கு நகப்பூச்சுக் கொடுத்தது பாடசாலை அலுவலகம்.

மெதுவாக விடும் சோதனை

இங்கே அவரிடம் நான் கற்றது, இதை எழுதத் தூண்டிய காரணங்களில் முதன்மையானது. நாங்கள் எல்லோரும் விசையைச் சடாரென்று இழுத்துச் சடாரென்று விட்டுப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் துள்ளி முன்னே வந்தது. பழுது தீர்ந்தது என்றே தோன்றியது. பெரியவர் துப்பாக்கியைத் தொடக்குநர் பிடிப்பதுபோலவே வானை நோக்கிப் பிடித்தார். விசையை முழுதாக இழுத்தார். பின்னர் விரலை மயிரிழை மயிரிழையாகத் தளர்த்தினார். விசை விரலைத் தொடர்ந்து முன்னே வந்தது. கடைசிச் சிறு தூரத்தில் விரல் விலகிவிட, விசை மட்டும் நின்றுவிட்டது. விரல்நுனியால் தொட்டதும் "டிக்" என்று இடம்சேர்ந்தது.

"வேகமாக விட்டால் விசையின் சொந்த வேகமே மிச்சத் தூரத்தைக் கடத்திவிடும். மெல்ல விட்டால் ஸ்பிரிங் மட்டும்தான் தள்ள வேண்டும். அதற்குத் தெம்பு இருக்கிறதா இல்லையா என்று அப்போதுதான் தெரியும்" என்றார்.

அன்று காலை சில தடவை சரியாகவும் வந்தது, சில தடவை நின்றது. ஒருநாள் வைத்திருந்து மறுநாள் பார்த்தபோதும் அவ்வாறே. பசை போய்விட்டது, துரு தின்ற ஸ்பிரிங் மிஞ்சியிருந்தது. காரணம் ஒன்றென்று நினைத்தோம், இரண்டாக இருந்தது.

இரண்டாவது தீர்மானம்: துப்பாக்கி இல்லாமல் போட்டி

போட்டிக்கு நாள் நெருங்கியிருந்தது. குமிழ்முனைப் பேனாவின் ஸ்பிரிங்கை வெட்டிப் போட்டால் போதும் என்று ஆசிரியர் ஒருவர் ஆலோசனை சொன்னார். உள்ள ஸ்பிரிங்கை இழுத்து நீட்டினால் விறைப்புக் கூடும் என்றார் இன்னொருவர். இரண்டையும் ஏற்கவில்லை. துரு தின்ற ஸ்பிரிங்கை இழுத்தால் குழிவிழுந்த வளையத்தில்தான் முதலில் முறியும். பேனா ஸ்பிரிங் எத்தனை விறைப்பு, எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல ஒருவரும் இல்லை. பிள்ளைகள் நிற்கும் மைதானத்தில் அதைச் சோதித்துப் பார்க்க எனக்கு உரிமை இல்லை.

அதிபர் துப்பாக்கியைப் போட்டியிலிருந்து விலக்கினார். பாடசாலைத் தச்சுக்கூடத்தில் கீலிட்ட இரண்டு பலகைகள் செய்யப்பட்டன. உட்புறம் ஒன்றில் கறுப்பும் மற்றதில் வெள்ளையும் பூசினோம். தலைக்குமேல் விரித்துப் பிடித்து அறையும்போது வெள்ளை மறைவதை முடிவுக் கோட்டிலிருந்து தெளிவாகக் காண முடியும். போட்டி நல்லபடியாக நடந்தது. காற்று எதிர்த்திசையில் அடித்தபோது நீண்ட ஓட்டங்களின் வெளிப்பாதையில் நின்றவர்களுக்குச் சத்தம் சற்று மெலிவாகக் கேட்டது என்பது ஒரு குறை.

பின்னர் நடந்தவை

துப்பாக்கியை விற்ற கொழும்புக் கடையில் கேட்டபோது ஸ்பிரிங் தனியாக விற்பதில்லை என்றார்கள். அயல் வலயத்துப் பாடசாலை ஒன்றில் அதே வகைத் துப்பாக்கி, பிடியருகே வார்ப்பு விரிசல் விட்டதால் கைவிடப்பட்டுக் கிடந்தது. இரு அதிபர்களும் கடிதம் எழுதிக்கொண்டு, அதன் மீட்சி ஸ்பிரிங்கை எங்களுக்குத் தந்தார்கள். அது ஒரு தகர டப்பாவில் எண்ணெய்த் துணி சுற்றி வைக்கப்பட்டிருந்ததால் துரு படவில்லை. பெரியவர் மீண்டும் வந்து பூட்டினார். மெதுவாக விடும் சோதனையில் அன்றும், மறுநாளும், ஒரு வாரம் கழித்தும் விசை கடைசி மயிரிழைவரை விரலை விட்டுப் பிரியவில்லை.

வெடித்துப் பார்க்கும் நாளை விடுமுறை நாளாக வைத்தோம். சுற்றியுள்ள வீடுகளுக்கும் அருகிலுள்ள கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் முதல்நாளே ஆளனுப்பிச் சொன்னோம். காதடைப்புப் போட்டுக்கொண்டுதான் வெடித்தோம். பழைய கையிருப்புத் தோட்டாக்களில் ஒன்று வெடிக்கவில்லை. பெரியவர் சொல்லிவைத்தபடி துப்பாக்கியை வானை நோக்கியே பிடித்தவாறு அரை நிமிடத்துக்கு மேல் காத்திருந்து, பிறகே உருளையைக் கழற்றினேன். பிந்தி வெடிக்கும் தோட்டா உண்டு. விளிம்பில் அடித்தடம் ஆழமாக விழுந்திருந்தது. ஆகவே குறை சுத்தியலில் இல்லை, ஈரம் குடித்த தோட்டாவில். பழைய கையிருப்பு முழுவதும் பொலிஸாரிடம் ஒப்படைக்கப்பட்டது. புதியவற்றில் எதுவும் தவறவில்லை.

மைதானத்துக்குத் துப்பாக்கி திரும்பிவர வேண்டுமா என்பதில் ஆசிரியர் கூட்டத்தில் கருத்து வேறுபாடு இருந்தது. ஆரம்பப் பிரிவு ஆசிரியை ஒருவர், தம் வகுப்பில் பட்டாசுச் சத்தத்துக்கே மேசையின்கீழ் ஒளியும் பிள்ளை உண்டு என்றார். அவர் சொன்னதற்கு எதிர்வாதம் எதுவும் இல்லை, இருக்கவும் கூடாது. ஆரம்பப் பிரிவு ஓட்டங்களுக்குப் பலகையே என்று முடிவாயிற்று. மேல்வகுப்பு மாணவர் வலயப் போட்டிக்கும் மாகாணப் போட்டிக்கும் போகவேண்டியவர்கள். அங்கே வெடிக்குப் புறப்படப் பழகியிராத பிள்ளை பின்தங்கும். அவர்களுக்கு, ஒரு நாள் முன்னரே அறிவித்து, துப்பாக்கி.

இப்போது மாற்றியவை

ஸ்பொஞ்ச்ப் பெட்டி எறியப்பட்டது. தோலுறையும் வேண்டாம் என்றார் பெரியவர்; தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், பதனிட்ட இரசாயனம் உலோகத்தை அரிக்கும். மெல்ல எண்ணெய் தொட்ட பருத்தித் துணியில் சுற்றி, ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொதிகளோடு மூடியிறுக்கமான தகர டப்பாவில் வைக்கிறோம். டப்பா வாவிப் பக்க அறையை விட்டு அதிபர் அறைக்கு மாறிவிட்டது. தோட்டாக்கள் வேறு பூட்டில், வேறு திறப்பில்.

ஒவ்வொரு தவணைத் தொடக்கத்திலும் டப்பாவைத் திறந்து, உருளையைக் கழற்றி அறைகளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, மெதுவாக விடும் சோதனை செய்து, கண்டதை எழுத வேண்டும். "நல்ல நிலை" என்ற சொல் அந்தப் பதிவேட்டில் இனி ஏற்கப்படாது. "விசை முழுதாகத் திரும்பியது", "அறைகள் ஆறும் வெறுமை" என்று பார்த்ததை எழுத வேண்டும். மாரி தொடங்குமுன் ஒன்றும் முடிந்தபின் ஒன்றும் கூடுதலாகப் பார்க்கலாம் என்று நான் கேட்டிருக்கிறேன். விளையாட்டு அறை இளைஞரே இப்போது இந்தச் சோதனையைச் செய்கிறார், பெரியவரிடம் பழகிக்கொண்டு. உடனிருந்து கையொப்பமிடுவது மட்டும் என் வேலை.

முடிவாகாதது ஒன்று உண்டு. பாடசாலைப் போட்டியில் முந்திப் புறப்பட்டவர்களைத் திருப்பி அழைக்க விசிலையே பயன்படுத்தி, ஓர் ஓட்டத்துக்கு ஒரே ஒரு தோட்டா மட்டும் நிரப்புவது என்று நான் முன்வைத்தேன். மீந்து கிடக்க ஒன்றும் இராது. வலயப் போட்டி நடுவர்கள் இரண்டாவது வெடிதான் வேண்டும் என்கிறார்கள். முழு வேகத்தில் ஓடும் பிள்ளைக்கு விசில் கேட்காது என்பது அவர்கள் வாதம், அதில் நியாயமும் உண்டு. அது தீரும்வரை, எங்கள் பாடசாலையில் கடைசி ஓட்டம் முடிந்ததும் தொடக்குநரும் நேரக்கணிப்பாளர் தலைவரும் சேர்ந்து உருளையைக் கழற்றி, வெடித்த உறைகளையும் மீந்த தோட்டாக்களையும் எண்ணி, நிரப்பிய எண்ணிக்கையோடு ஒப்பிட்டபின்தான் மைதானத்தை விட்டு வெளியேறுகிறார்கள்.